உறங்கிய சாட்சிகள்



சென்ற மூன்று வாரமாக இந்த ஞாயிறு இதழ் உங்கள் கையில் எந்தக் கோலத்தில் வந்து சேர்ந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எழுத்துக்கள் மங்கியிருந்தன. பக்கந்தோறும் வெள்ளைக் கோடுகள் ஓடின. பூசைக் கருத்துப் பட்டியலில் சிலருடைய பெயர் பாதி தெரிந்து பாதி மறைந்தது. காலஞ்சென்ற தம் கணவரின் பெயரைக் காணாமல், "சுவாமி, அவருக்குப் பூசை உண்டா, இல்லையா?" என்று ஒரு தாயார் கேட்டு வந்தார்கள். பூசை உண்டு, மைதான் இல்லை என்று சொல்லி அவர்களைத் தேற்றி அனுப்பினேன். இந்தக் குறைக்கெல்லாம் காரணம் நான். அதை ஒப்புக்கொள்வதோடு, அதிலிருந்து நான் கற்ற ஒரு பாடத்தையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பங்கு அலுவலகத்துப் பிரிண்டரில் மை தீர்ந்தது. கம்பெனி மை விலை கூடுதலாயிற்றே என்று செல்போனில் வேறு மை தேடினேன். ஒரு மைப் புட்டியின் கீழே நூற்றுக்கணக்கான பேர் ஐந்து ஐந்து நட்சத்திரமாக இட்டுப் புகழ்ந்திருந்தார்கள். இத்தனை பேர் சொல்வது பொய்யாகுமா என்று எண்ணி வாங்கினேன். முதல் நாள் எழுத்து அழகாகவே விழுந்தது. அன்று மாலையே, பக்கத்துப் பங்குகளின் குருக்கள் இருவருக்கு, "நல்ல மை, விலையும் மலிவு, நம்பி வாங்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன்.

பத்தாம் நாள் பிரிண்டர் நின்றது. பழுது பார்க்க வந்த தம்பி எனக்குப் பாடம் சொன்னார். மையில் இரண்டு வகை உண்டாம். ஒன்று நீரில் முழுதும் கரைந்த சாயம். மற்றொன்று நுண்ணிய துகள்கள் மிதக்கும் மை. அச்சடிக்கும் தலையில் உள்ள துளைகள் மயிரிழையிலும் சிறியவை. ஒரு வகைக்கென்று செய்த தலையில் மற்ற வகையை ஊற்றினால் துளைகள் அடைபடும். நான் ஊற்றியது எந்த வகை என்று புட்டியின் மேல் அச்சிட்டிருக்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் புகழுரைகளைப் பொறுமையாக வாசித்தேன். ஒருவர், "மூடி இறுக்கமாக இருக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்குத் தண்ணீர் கொண்டுபோக வசதி" என்று எழுதியிருந்தார். மைப் புட்டியையா பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகிறார்கள்? முன்பு அதே இடத்தில் தண்ணீர்ப் புட்டி விற்று, அதற்குக் கிடைத்த நட்சத்திரங்களை அப்படியே விட்டுவிட்டுப் பொருளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இப்படிச் செய்யும் வியாபாரிகள் உலகமெங்கும் உண்டு என்று பின்னர் அறிந்தேன். வேறு ஏழு பேர் ஒரே நாளில், ஒரே வாக்கியத்தை, ஒரே எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார்கள். பெயர் ஏழு, கை ஒன்று.

இதற்குள் என் சொல்லை நம்பிய குருக்களில் ஒருவர் அந்த மையை வாங்கி ஊற்றிவிட்டார்.

இந்நிலையில் நம் பங்கு வாலிபன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். இது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதன்று. அலுவலகத்தில் உட்கார்ந்து பேசியது. பிறருக்குப் பயன்படுமானால் எழுதுங்கள் என்று அவனே சொன்னான். செல்போனில் ஒரு செய்தி வந்ததாம். வீட்டிலிருந்தபடியே வேலை, நாங்கள் காட்டும் விடுதிக்கு ஐந்து நட்சத்திரமிட்டு இரண்டு வரி புகழ்ந்து எழுதினால், எழுத்துக்கு ஐம்பது ரூபாய். காட்பாடியைத் தாண்டி வடக்கே போகாத இந்தப் பையன், வடநாட்டு மலை ஊர்களில் உள்ள விடுதிகளின் வெந்நீரையும், படுக்கையையும், காலைச் சிற்றுண்டியையும் புகழ்ந்து அறுபதுக்கு மேல் எழுதினான். பணமும் வந்தது. பிறகு டெலிகிராம் குழு ஒன்றில் சேர்த்தார்கள். ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு என்றார்கள், அதுவும் வந்தது. பின் ஐயாயிரம், பின் நாற்பதாயிரம். நாற்பதாயிரம் போனது போனதுதான். அது அவன் தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம்.

இந்தப் பகுதிநேர வேலை மோசடி இந்த ஒரு பையனுக்கு நேர்ந்த விபத்தன்று. இதிலும் இது போன்ற முதலீட்டு மோசடிகளிலும் ஈடுபட்ட நூற்றுக்கு மேற்பட்ட இணையதளங்களை 2023 டிசம்பரில் மத்திய அரசு முடக்கியது. பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்து நடத்தப்பட்டவை அவை.

"சாமி, போன பணம் திரும்புமா?" என்பதே அவனுடைய கேள்வி. 1930 என்ற எண்ணுக்கு உடனே புகார் கொடுக்கச் செய்தேன். பிறகு கேட்டேன்: "தம்பி, அந்த அறுபது விடுதிகளுக்கு உன் எழுத்தைப் பார்த்துப் போனவர்கள் இருப்பார்களே, அவர்கள் பணம்?" அவன் திகைத்தான். "ஏமாந்தது நான்தானே, சாமி" என்றான். உண்மை. ஆனால் ஏமாந்தவனே பிறரை ஏமாற்றும் கருவியாகவும் இருந்தான். மைப் புட்டி விஷயத்தில் என் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

இதிலுள்ள குற்றம் சரியாக எது? காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்வதே பாவமா? அப்படிச் சொல்ல முடியாது. நம் ஊரில் கார்த்திகைத் தீபத்தையொட்டி மாட்டுச் சந்தை கூடுவதை அறிவீர்கள். அங்கே தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். மாட்டின் பல்லையும் சுழியையும் புகழ்வார். அவர் தரகு வாங்குபவர் என்பது சந்தையில் நிற்கும் சிறுவனுக்குக்கூடத் தெரியும். ஆகையால் அவர் பேச்சில் பாதியைக் கழித்துக்கொண்டு, மீதிக்குத் தன் கண்ணையே நம்புகிறான் குடியானவன். அதன்பின் பக்கத்துக் கிராமத்தான் ஒருவனைத் தனியே அழைத்து, "இந்த மாட்டை உனக்குத் தெரியுமா?" என்று கேட்பான். அந்த இரண்டாம் ஆள் சொல்வதற்குத்தான் மதிப்பு. அவனுக்கு இதில் லாபமில்லை. அவன் கண்டதைச் சொல்லுகிறான்.

இன்றைய சூது இந்த இரண்டாம் ஆளை விலைக்கு வாங்குவதில் இருக்கிறது. 1978 மே 3-ஆம் நாள் அமெரிக்காவில் ஒரு கணினிக் கம்பெனியின் விற்பனையாளர், கணினி வலையில் இருந்த ஏறக்குறைய நானூறு பேருக்கு, அவர்கள் கேளாமலே ஒரே விளம்பரக் கடிதத்தை அனுப்பினார். அழையா விருந்தாளியாக வரும் விளம்பரக் கடிதங்களுக்கு அதுவே தொடக்கம் என்பார்கள். இன்று அவை நம் செல்போனில் நாள்தோறும் குவிகின்றன. ஆனால் அவை முகம் தெரியாதவன் குரல் என்று மக்கள் கண்டுகொண்டார்கள், வாசியாமலே அழிக்கிறார்கள். ஆகவே வியாபாரிக்கு நம்பத்தகுந்த முகம் ஒன்று தேவைப்பட்டது. உங்களைப் போல் காசு கொடுத்து வாங்கி, வீட்டில் பயன்படுத்திப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரின் முகம் அது. அந்த முகத்தைத்தான் ஐம்பது ரூபாய்க்கு வாடகைக்கு எடுக்கிறார்கள்.

பரிசுத்த வேதாகமத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. சேசுநாதர் உயிர்த்தெழுந்த பின், கல்லறையைக் காத்த சேவகர் நடந்ததைப் பிரதான குருக்களிடம் சொன்னார்கள். அவர்கள் சேவகருக்கு நிறையப் பணம் கொடுத்து, இரவில் நாங்கள் உறங்குகையில் சீஷர்கள் வந்து உடலைத் திருடிச் சென்றார்கள் என்று சொல்லும்படி ஏவினார்கள். மத்தேயு தம் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இதை எழுதுகிறார். அர்ச். அகுஸ்தீனார் ஒரு சங்கீதத்துக்கு விளக்கம் சொல்லுகையில் இந்தச் சாட்சிகளை நகையாடுகிறார். உறங்கினவன் திருடனை எப்படிக் கண்டான்? கண்டிருந்தால் அவன் உறங்கவில்லை; உறங்கியிருந்தால் அவன் சாட்சியல்லன். தங்காத விடுதியின் படுக்கையைப் புகழ்ந்த நம் பையனும் இப்படி உறங்கிய சாட்சியே.

அப்போஸ்தலர் நடபடி ஐந்தாம் அதிகாரத்தில் அனனியாஸ், சப்பீராள் என்னும் தம்பதிகளின் வரலாறு இன்னொரு பக்கத்தை விளக்குகிறது. அவர்கள் நிலத்தை விற்று, விலையில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, முழுவதையும் கொண்டுவந்தவர்கள் போல் மீதியை அப்போஸ்தலர் பாதத்தில் வைத்தார்கள். பணத்தை வைத்துக்கொண்டதற்காக அர்ச். இராயப்பர் அவர்களைக் கடியவில்லை. நிலம் அவர்களுடையது, விலையும் அவர்களுடையது என்று தெளிவாகச் சொல்லுகிறார். பணத்தை மறைத்து வேறொரு வேடம் போட்டதே அவர்கள் குற்றம். பொருளைப் புகழ்வதும் கூலி பெறுவதும் தம்மளவில் பாவமல்ல. கூலியை மறைத்து, கண்டவனைப் போல் நிற்பதே பாவம்.

இனி, உங்களில் பலர் வீட்டில் நடப்பதைப் பார்ப்போம். மிக்சியோ, பிள்ளைக்கு விளையாட்டுப் பொருளோ வாங்குகிறீர்கள். பெட்டிக்குள் ஒரு சிறு அட்டை இருக்கிறது. ஐந்து நட்சத்திரமிட்டு, அதைப் படமெடுத்து அனுப்பினால் நூறு ரூபாய் தருகிறோம் என்கிறது அது. "சுவாமி, பொருள் மெய்யாகவே நன்றாகத்தான் இருக்கிறது. நல்லதை நல்லது என்று எழுதி நூறு ரூபாய் வாங்கினால் என்ன தோஷம்?" என்று ஒரு தாயார் கேட்டார்கள். நல்ல கேள்வி, உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இரண்டு நாள் யோசித்து அவர்களிடம் சொன்னது இது: "அம்மா, நீங்கள் நினைத்ததையே எழுதுங்கள். ஆனால் கடைசியில், இப்படி எழுதுவதற்கு நூறு ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு வரி சேருங்கள். அதற்கும் அவர்கள் பணம் தருவார்களா?" அவர்கள் சிரித்துவிட்டார்கள். தரமாட்டார்கள் என்பது தெரிந்ததே. அப்படியானால் அந்த நூறு ரூபாய் உங்கள் புகழ்ச்சிக்கு விலையன்று. உங்கள் மௌனத்துக்கு விலை. வாங்குகிறவன் பணத்தைப் பற்றி அறிந்தால் எந்தப் பேச்சு மதிப்பிழக்குமோ, அந்தப் பேச்சை விற்கலாகாது. இந்த உரைகல் ஒன்று போதும். சிறு பிள்ளையும் இதை உபயோகிக்கலாம்.

"எல்லோருக்கும் தெரிந்த பொய் பொய்யாகுமா? இந்த நட்சத்திரங்களை இன்று யார் நம்புகிறார்கள்?" என்று சிலர் சொல்லுவார்கள். ஒருவரும் நம்பாத பொய்க்கு ஒருவரும் காசு கொடுக்கமாட்டார்கள். எங்கோ ஒருவர் நம்புகிறார்; அவரைக் குறிவைத்தே காசு கொடுக்கப்படுகிறது. அவர் யார்? விவரம் தெரிந்தவர் அல்லர். பௌர்ணமியன்று பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வருவதற்காக ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் நள்ளிரவில் நம் ஊரில் வந்து இறங்கும் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாஷை தெரியாது, ஆள் தெரியாது, தோளில் உறங்கும் குழந்தை. கையிலுள்ள செல்போனில் தெரியும் நட்சத்திரமே அவர்களுக்கு வழிகாட்டி. அந்நியரை ஒடுக்க வேண்டாம் என்று சர்வேசுரன் பழைய ஏற்பாட்டில் பலமுறை கட்டளையிட்டிருக்கிறார். ஏமாற்றப்படும் அந்நியன் நம் வாசலிலேயே நிற்கிறான்.

மனிதர் ஒருவர் சொல்லை ஒருவர் மெய்யென்று நம்பாவிடில் சேர்ந்து வாழவே முடியாது என்று 13-ஆம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குயினார் போதித்தார். குருமடத்தில் இதைப் படித்தபோது பரீட்சைக்காக மனனம் செய்தேன். இப்போதுதான் விளங்குகிறது. மைப் புட்டியில் எனக்குப் போனது சில நூறு ரூபாய். ஆனால் அடுத்த முறை ஓர் உண்மையான மனிதர் உண்மையாகவே ஒரு பொருளைப் புகழ்ந்து எழுதியிருப்பார். அவரையும் நான் நம்பமாட்டேன். ஊர்க் கிணற்றில் ஒருவன் ஒரு குடம் சாக்கடையை ஊற்றினால் கெடுவது ஒரு குடம் தண்ணீர் மட்டுமா?

தேசத்தின் சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 2019-இல் நிறைவேறி 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான விளம்பரத்துக்கும் அதற்கு நற்சான்று கொடுப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். சொன்னதை உண்மைதானா என்று தக்க கவனத்தோடு விசாரித்தே நற்சான்று கொடுத்தவருக்கு அபராதமில்லை. பொருளைப் பரிந்துரைப்பவர் விற்பவரோடு தமக்குள்ள தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்று 2022 ஜூனில் விதி வந்தது. அதே ஆண்டு நவம்பரில், இணையத்தில் வரும் வாடிக்கையாளர் கருத்துக்களுக்கென ஐ.எஸ். 19000 என்னும் தரத்தை இந்தியத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்டது. விலைக்கு வாங்கிய கருத்துக்களைப் பிரசுரிக்கலாகாது என்கிறது அது. தாமாக முன்வந்து கைக்கொள்ளும்படியே அது வெளிவந்தது. சட்டம் வேண்டியதுதான். ஆனால் அறுபது விடுதிகளுக்கு எழுதிய ஒரு பையனின் விரலை எந்த அதிகாரி காவல் காப்பார்? அங்கே எட்டாம் கற்பனைதான் காவல்.

நம்மவரில் ஒரு சிறு சாப்பாட்டுக் கடைக்காரர் சொன்னது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "எதிர்க்கடைக்காரர் காசு கொடுத்து ஐந்நூறு நட்சத்திரம் வாங்கிவிட்டார். என் கடையைப் பற்றி அசிங்கமாக எழுதவும் ஆள் வைத்திருக்கிறார்கள். நான் மட்டும் சும்மா இருந்தால் கடையை மூட வேண்டியதுதான், சாமி." பொய்யாய் இகழ்ந்து எழுதுவது பிறருடைய நற்பெயரைத் திருடும் அவதூறு, அது இன்னும் கனமான பாவம். ஆனால் அவருக்கு நான் என்ன சொல்வது? நேர்மையாக இருந்தால் வியாபாரம் செழிக்கும் என்று வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. நேர்மையால் நஷ்டப்பட்டவர்களை நான் அறிவேன். வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். சொல்லும்போது, அந்தச் சிலுவையை அவர் தலையில் வைத்துவிட்டு நான் சும்மா இருக்கிறேனே என்ற வெட்கம் எனக்கு இருந்தது.

அந்தச் சிலுவையில் நமக்கும் பங்குண்டு. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கற்பனை மெய்ச்சாட்சி சொல்லும் கடமையையும் தாங்கி நிற்கிறது. நல்ல கடையில் வயிறார உண்டு, நியாயமான விலை கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போகிறோம். நாம் மௌனமாயிருப்பதால் கூலிச் சாட்சிகளின் குரல் மட்டும் கேட்கிறது. இனி, நல்லதைக் கண்டால் இரண்டு வரி உண்மையாக எழுதுங்கள். நம் சபையார் என்பதற்காக ஒரு நட்சத்திரம் கூட்டாதீர்கள். வேறு சமயத்தவர் என்பதற்காக ஒன்று குறைக்காதீர்கள். குறையிருந்தால் முதலில் கடைக்காரரிடமே சொல்லுங்கள். எழுதும்போது கண்டதை மட்டும் எழுதுங்கள்.

வாங்கும்போதும் விவேகம் தேவை. ஐந்து நட்சத்திரத்தை விட்டு, மூன்று நட்சத்திரம் இட்டவர்கள் எழுதியதை முதலில் வாசியுங்கள். அநேகமாக அவர்களுக்கு ஒருவரும் கூலி கொடுப்பதில்லை. ஒரே நாளில் குவிந்த புகழ்ச்சியைச் சந்தேகியுங்கள். எழுதப்பட்டது இந்தப் பொருளைப் பற்றித்தானா என்று பாருங்கள். ஏமாந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். வேண்டாத விளம்பர அழைப்புக்களை நிறுத்த 1909 உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை கொடுப்பவன் முன்பணம் கேட்டால் அது வேலையன்று என்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

நான் முதலில் சொன்ன என் குற்றத்துக்கு வருகிறேன். பொய்யைப் பற்றியே தனி நூல் எழுதிய அர்ச். அகுஸ்தீனார், தவறான ஒன்றை மெய்யென்று நம்பிச் சொல்பவன் பொய்யனல்லன், ஆனால் யோசனையற்ற துணிவுடையவன் என்று பிரித்துக் காட்டுகிறார். ஒரு நாள் அச்சடித்துவிட்டு, நம்பி வாங்கலாம் என்று எழுதிய என் துணிவு அந்த வகை. அதை மன்னிப்புக் கேட்டு ஒப்புக்கொண்டு இரு குருக்களுக்கும் எழுதினேன். மை ஊற்றியவருடைய பிரிண்டரைப் பழுது பார்த்த செலவில் பாதியை என் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தேன். பாவத்துக்கு மனஸ்தாபம் மட்டும் போதாது, பிறருக்கு விளைந்த நஷ்டத்துக்குப் பரிகாரமும் செய்ய வேண்டும் என்று உங்களுக்கு ஞானோபதேசம் சொல்லுகிறவன் நான் அல்லவா?

நம் வாலிபனும் பரிகாரம் செய்து வருகிறான். இரவுதோறும் உட்கார்ந்து, தான் எழுதியவற்றை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்கிறான். நாற்பதுக்கு மேல் அழித்தாயிற்று. மற்றவை எந்தப் பெயரில் எழுதப்பட்டன என்று அவனுக்கே நினைவில்லை. அழிக்க முடியாமல் எங்கோ நிற்கும் அந்த எழுத்துக்களுக்காக நாம் ஜெபிப்போம். அவற்றை நம்பிப் போகிறவர்களுக்காகவும் ஜெபிப்போம். நாற்பதாயிரம் இன்னும் வரவில்லை. அவன் தாயாருக்கு ஒத்தாசை செய்ய விரும்புகிறவர்கள் என்னை வந்து பாருங்கள்.

இந்த வாரத்து இதழ் வேறு மையில் அச்சாகிறது. பெயர் தெளிவாகத் தெரிகிறதா என்று அந்தத் தாயார் பார்த்துச் சொல்லட்டும். இந்த மை நல்லதா என்று என்னைக் கேட்பவர்களுக்கு ஆறு மாதம் கழித்துப் பதில் சொல்லுகிறேன்.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக்குரு